ஊவாத் தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு: பதுளையிலிருந்து சில குறிப்புகள்

பதுளைக்கு எந்த வழியால் வருவது, எங்கே தங்குவது, எத்தனை நாள் வேண்டும் என்று வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் என்னிடம் கேட்கிறவர்கள் இரண்டு வகையினர். ஒரு பகுதியினருக்கு ஒன்பது வளைவுப் பாலத்தையும் எல்லவையும் பார்க்க வேண்டும். மற்றப் பகுதியினர் தங்கள் அப்பாவோ அம்மாவோ பிறந்த தோட்டத்தைத் தேடி வருகிறார்கள். 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களின்போது மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இவர்கள். கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், சாந்தபுரம் போன்ற ஊர்களில் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய உண்டு. மலையகத்தில் அடிபட்டு ஓடியவர்கள் வன்னியில் இறுதி யுத்தத்துக்குள்ளும் அகப்பட்டார்கள்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து பதுளையிலேயே இருப்பவன் என்பதால், விடுமுறைக்கு வருகிற உறவினர்களோடும் அவர்களின் நண்பர்களோடும் சுற்றித் திரிவது எனக்குப் பழகிய வேலை. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

எப்போது வருவது

ஊவாவின் மழைக்காலம் வடக்குக் கிழக்கின் மழைக்காலத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போகும். ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை மழை கூடுதல். மண்சரிவுகள் பெரும்பாலும் நடப்பதும் அந்த மாதங்களில்தான். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையும், ஜூன் முதல் செப்டெம்பர் வரையும் வருவது நல்லது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் எல்லவிலும் பண்டாரவளையிலும் அறை கிடைப்பது கடினம்; வீதியும் நிரம்பிவிடும்.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை இங்கே கச்சான் காற்று வீசும். மட்டக்களப்பாருக்கு இந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தவர் கச்சான் என்றதும் கடலையை நினைப்பார்கள், இது காற்று. மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு வரும் வறண்ட காற்று இது. இது வீசும்போது தேயிலை மெதுவாகத் துளிர்க்கும், வாசம் கூடும். ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பெயர் எடுத்தது இந்தப் பருவத்துத் தேயிலையால்தான். கொழுந்து எடுக்கிற பெண்களுக்கோ இது கஷ்டமான காலம். துளிர் குறைந்தால் கூடை நிறையாது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண்சரிவை உண்டாக்கி உயிர்களைப் பறித்தது. மலையகப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் உடைந்தது. ஆகவே பயணத்துக்கு முதல் நாள் இரண்டு விடயங்களை விசாரியுங்கள். புகையிரதம் பதுளை வரை ஓடுகிறதா என்று புகையிரத நிலையத்தில் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எந்தப் பிரதேச செயலகப் பிரிவுகளுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கிறது என்று வானொலியிலோ செய்தியிலோ பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. எச்சரிக்கை உள்ள நாளில் அறைக்குக் கட்டிய காசைப் பார்க்காதீர்கள், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

எந்த வழியால் வருவது

மட்டக்களப்பிலிருந்து வருகிறவர்களுக்கு வழி எளிது. செங்கலடியில் தொடங்கும் ஏ5 வீதி மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கு வருகிறது. பிபிலையைத் தாண்டியதும் வயல் மறைந்து மலை தொடங்கும். லுணுகலையிலிருந்து தேயிலையும் இறப்பரும் கலந்து வரும்.

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஏ9 வீதியே வழி. அது கண்டியில்தான் முடிகிறது. கண்டியிலிருந்து நுவரெலியா, வெலிமடை வழியாகவோ, மகியங்கனை வழியாகவோ பஸ்ஸில் பதுளைக்கு வரலாம். ஒரே நாளில் வந்து சேர முயலாமல் கண்டியில் ஓர் இரவு தங்கினால் பிள்ளைகளும் வயதானவர்களும் களைப்படைய மாட்டார்கள்.

புகையிரதத்தில் வருவதென்றால் வடக்குப் பாதை பிரதான பாதையோடு பொல்கஹவெலயில் சேர்கிறது. அங்கே இறங்கி மாறலாம். இரண்டு வண்டிகளின் நேரமும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். கொழும்பிலிருந்து பதுளை வரை ஏறத்தாழ 290 கிலோமீற்றர். வண்டி நேரத்துக்கு ஓடினாலும் பத்து மணித்தியாலம் பிடிக்கும். முன்பதிவு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன் திறக்கும். திறந்த கையோடு ஆசனங்கள் முடிந்துவிடும். வெளியே கூடுதல் விலைக்கு ரிக்கட் விற்கிறவர்களிடம் வாங்க வேண்டாம். முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பு ரிக்கட் பயண நாளில் நிலையத்திலேயே கிடைக்கும். நெரிசலாக இருக்கும் என்பதால் வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு அது ஏற்றதல்ல.

பட்டிப்பொலை நிலையம்தான் இந்தப் பாதையில் மிக உயரமானது. அதையடுத்த உச்சியில் 6,226 அடி என்று எழுதிய பலகை நிற்கிறது. பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையில் உள்ள சுரங்கத்தைத் தாண்டினால் ஊவா. சுரங்கத்தின் ஒரு பக்கம் மூட்டமும் மறு பக்கம் வெயிலுமாக இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். பிறகு இதல்கசின்னையில் இரண்டு பக்கமும் பள்ளம் தெரியும். வாசலில் தொங்கிப் படம் எடுக்க ஆசை வரும் இடம் இதுதான். பாதையோரக் கற்களிலும் சுரங்கச் சுவரிலும் அடிபட்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளை வாசலில் நிற்க விடாதீர்கள்.

சொந்த வாகனத்தில் வருகிறவர்களுக்கு ஒரு கண்டிப்பான சொல். சமதரையில் மட்டும் ஓடிப் பழகிய சாரதியை இரவில் இந்த வீதிகளில் ஓட விடாதீர்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்; சிறிய கியரில் இறங்க வேண்டும். 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையிலும், 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியிலும் பஸ்கள் பள்ளத்தில் விழுந்து பலர் இறந்தார்கள். கதிர்காமத்துக்குப் போய்விட்டு வெல்லவாய வழியாக எல்லவுக்கு ஏறுகிறவர்கள் பகல் வெளிச்சத்தில் ஏறும்படி திட்டமிடுங்கள்.

எங்கே தங்குவது, என்ன கொண்டுவருவது

எல்லவில் அறை வாடகை வெளிநாட்டவர் கணக்கில் போடப்படுகிறது. குடும்பமாக வருகிறவர்களுக்குப் பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை மூன்றும் கட்டுப்படியாகும். பதுளையிலிருந்து எல்லவுக்கு 20 கிலோமீற்றரளவுதான். பஸ்ஸிலும் புகையிரதத்திலும் போய் வரலாம். பிள்ளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படிக்கிறதென்றால் பதுளையில் தங்குவதே வசதி. பல்கலைக்கழகம் பசறை வீதியில் இருக்கிறது.

பதுளை ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ள கிண்ணம் போன்ற இடம். பகலில் நன்றாக வெயில் சுடும். ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். அங்கே மாலையில் சுவெட்டர் இல்லாமல் இருக்க முடியாது. வழுக்காத சப்பாத்து, குடை, டோர்ச் கொண்டுவாருங்கள். மழை ஈரத்தில் புல் வழியே நடந்தால் அட்டை கடிக்கும். அதைப் பிடித்து இழுக்காமல் உப்போ சவர்க்காரத் தண்ணியோ போட்டால் விழுந்துவிடும். தேசிய அடையாள அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும்.

தியத்தலாவையைக் கடக்கும்போது பெரிய இராணுவ முகாம்களைக் காண்பீர்கள். 1900 இல் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட போவர் யுத்தக் கைதிகளைப் பிரித்தானியர் அடைத்து வைத்ததும் இங்கேதான். இன்றும் அது இராணுவ நகரம். யுத்தத்தைப் பார்த்த சிலருக்கு அந்தச் சில கிலோமீற்றர் நெஞ்சை அடைக்கும். கூட வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முகாம் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம்.

பதுளை நகரில்

பதுளையை எல்லவுக்குப் போகும் வழி என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். பிரதான பாதையின் கடைசிப் புகையிரத நிலையம் இது. 1924 இல் திறக்கப்பட்டது. நகர நடுவில் முத்தியங்கனை விகாரை இருக்கிறது. தோளையும் முழங்காலையும் மூடிய உடுப்போடு போக வேண்டும். அருகிலேயே சென் மார்க்ஸ் தேவாலயம். அது மேஜர் ரொஜர்ஸ் என்ற பிரித்தானிய அதிகாரியின் நினைவாகக் கட்டப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படும் அவர் 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார்.

துன்ஹிந்த நீர்வீழ்ச்சி நகரத்திலிருந்து 5 கிலோமீற்றரளவில், 64 மீற்றர் உயரம். வீதியிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். குரங்குகள் கையிலுள்ள பையைப் பறிக்கும். நீர்வீழ்ச்சிக்குக் கீழே குளிக்க இறங்காதீர்கள். ஹாலிஎலப் பக்கம் போகொடையில் கூரை போட்ட பழைய மரப்பாலம் உண்டு. சனக் கூட்டம் இல்லாத, அமைதியான இடம்.

எல்லவும் தெமோதரையும்

ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில், கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்டது. புகையிரதம் வரும் நேரத்தை எல்ல நிலையத்தில் கேட்டுவிட்டுப் போனால் வீணாகக் காத்திருக்கத் தேவையில்லை. காலை 7 மணிக்கு முன் போனால் கூட்டம் குறைவு. அங்கிருந்து தண்டவாளத்தில் நடந்தே தெமோதரைக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுரங்கத்துக்குள் வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை.

தெமோதரையில் புகையிரதப் பாதை மலையைச் சுற்றி இறங்கி, தான் கடந்து வந்த நிலையத்துக்குக் கீழே உள்ள சுரங்கத்தால் வெளியேறுகிறது. செங்குத்தான இறக்கத்தை வண்டி தாங்காது என்பதால் தூரத்தைக் கூட்டி உயரத்தைக் குறைத்திருக்கிறார்கள். நிலையத்துக்கு மேலே உள்ள மேட்டில் நின்றால் முழுவதையும் பார்க்கலாம்.

எல்லவைப் பற்றி ஒரு கவலையும் சொல்ல வேண்டும். இத்தாலியில் இருக்கும் எங்கள் சனங்கள் வெனிஸ் நகரத்துக்குப் போய் எடுத்த படங்களை அனுப்புவார்கள். கால்வாய்களும் படகுகளுமான அந்தப் பழைய நகரத்தில் 1950களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 175,000 பேர் வசித்தார்கள். 2022 இல் அது 50,000 க்கும் கீழே இறங்கியது. வீடுகள் சுற்றுலா விடுதிகளாக மாற, ஊர்க்காரருக்கு அங்கே வாழ்வது கட்டுப்படியாகவில்லை. காலையில் வந்து படமெடுத்துவிட்டு மாலையில் திரும்புகிறவர்களிடம் 2024 ஏப்ரலிலிருந்து குறிப்பிட்ட நாட்களில் 5 யூரோ அறவிடத் தொடங்கினார்கள். எல்ல மிகச் சின்ன ஊர். ஆனாலும் அரை நாளில் வந்து, வந்த வாகனத்திலேயே சாப்பிட்டு, வந்த வழியே திரும்புகிற கூட்டம் இங்கேயும் பெருகுகிறது. குப்பை ஊருக்கு மிஞ்சுகிறது, காசு மிஞ்சுவதில்லை. ஓர் இரவாவது தங்குங்கள். பெரிய உணவகங்களை விட்டு தெமோதரை, ஹாலிஎல, ஹப்புத்தளைச் சந்திகளில் உள்ள சின்னக் கடைகளில் ரொட்டியும் சம்பலும் சாப்பிடுங்கள். தோட்டத்து இளைஞர் ஓட்டும் முச்சக்கரவண்டியைப் பிடியுங்கள். ஏறுவதற்கு முன் வாடகையைப் பேசிக்கொண்டால் இரண்டு பேருக்கும் மனக்கசப்பு வராது.

ஹப்புத்தளை

தோமஸ் லிப்டன் 1890 இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னைத் தொழிற்சாலை அந்தக் காலத்தது. தோட்டத்து வழக்கில் தொழிற்சாலையை ‘ஸ்டோர்’ என்பார்கள். வழி கேட்கும்போது அந்தச் சொல் உதவும். காய்ந்த கொழுந்து அரைபட்டு, புளித்து, சூட்டில் உலர்ந்து, சல்லடையில் தரம் பிரிவதை அங்கே பார்க்கலாம். அங்கிருந்து ஏழு கிலோமீற்றரளவு ஏறினால் லிப்டன் ஆசனம். 9 மணிக்குப் பிறகு மூட்டம் ஏறிவிடும் என்பதால் விடியலில் போக வேண்டும். முச்சக்கரவண்டியில் ஏறி, நடந்து இறங்குங்கள். பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள், கொழுந்துச் சாக்கு ஏற்றும் லொறி, லயங்களுக்கு நடுவே கோயில் எல்லாம் அந்த வழியில்தான் இருக்கின்றன.

தேயிலை வாங்குவதென்றால் ஸ்டோர் வாசலில் உள்ள விற்பனையிடம் நல்லது. பி.ஓ.பி. என்றால் சற்றுப் பெரிய தூள், பி.ஓ.பி.எப். அதிலும் சிறியது, கடும் சாயம் தரும். டஸ்ட் பால்தேத்தண்ணிக்கு ஏற்றது.

தோட்டத்துக்குள் போகும்போது

2009 க்குப் பிறகு ஏ9 வழியாகத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். கிளிநொச்சியில் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் நின்று படமெடுத்தார்கள். பக்கத்தில் தறப்பாளுக்குள் இருந்த சனத்தோடு ஒரு வார்த்தை பேசாமல் போனவர்கள் அவர்களில் அதிகம். எங்கள் வீடு, எங்கள் இழப்பு, எங்கள் பிள்ளைகள் எல்லாம் யாரோ ஒருவரின் சுற்றுலாப் படமாவது எப்படியிருக்கும் என்று வன்னியில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தோட்டத்துச் சனத்துக்கு அது நூற்றாண்டுக்கு மேலாக நடக்கிறது. தேயிலைப் பெட்டியில் சிரிக்கிற பெண்ணின் பெயர் யாருக்கும் தெரியாது. அந்த அனுபவம் உள்ள நீங்கள் வேறு மாதிரி வர முடியும். அதற்குச் சில வழிகள்:

தோட்ட வீதிகள் பெரும்பாலும் கம்பனி நிர்வாகத்தின் கையில். லயங்களுக்குப் போவதென்றால் முதலில் தோட்டத் தலைவரைக் கேளுங்கள். தொழிற்சங்கத்தின் தோட்டப் பொறுப்பாளரைத்தான் தலைவர் என்பார்கள். ஸ்டோரையோ அலுவலகத்தையோ பார்ப்பதற்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

வேலை நேரத்தில் கொழுந்து எடுக்கிறவர்களை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறது; அது குறைந்தால் அரைநாள் பேர்தான் விழும். 2024 இல் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் ஆவதற்கே வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. உங்கள் பத்து நிமிடம் அவர்களின் சம்பளத்தில் கைவைக்கும். பேச விரும்பினால் மாலை 5 மணிக்குப் பிறகு, அல்லது ஞாயிற்றுக்கிழமை போங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். எடுத்த படத்தை அனுப்புவதாகச் சொன்னால் அனுப்புங்கள்.

வீதியில் நிற்கும் பிள்ளைகளுக்கு டொபி, காசு எறியாதீர்கள். வரிசையில் நிற்க வைத்துக் கொடுக்கும் பொருளின் கசப்பு முகாமில் இருந்தவர்களுக்குத் தெரியும். உதவ விரும்பினால் தமிழ்க் கதைப் புத்தகங்களையும் அப்பியாசக் கொப்பிகளையும் பாடசாலை அதிபரிடம் கொடுங்கள்.

வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி தராமல் விடமாட்டார்கள். அவர்கள் வெறும் சாயம் குடித்துவிட்டு உங்களுக்குப் பால்மாத் தேத்தண்ணி ஊற்றுவார்கள். மறுக்காமல் குடியுங்கள். வரும்போது பனங்கட்டி, ஒடியல், கருவாடு, வறுத்த கச்சான் கொண்டுவாருங்கள். இங்கே அவற்றுக்கு மதிப்பு அதிகம். வயதானவர்களைத் தாத்தா, ஆயா என்று கூப்பிடலாம். லயத்து அறையைக் ‘காம்பரா’ என்பார்கள். ஒரு காம்பராவுக்குள் இரண்டு தலைமுறை இருப்பது சாதாரணம். உள்ளே எட்டிப் பார்க்காமல், கூப்பிட்டால் போங்கள்.

சொல்லிலும் கவனம் வேண்டும். ‘தோட்டக்காட்டான்’, ‘வடக்கத்தியான்’ என்ற சொற்கள் எங்கள் பக்கத்துத் தமிழர் வாயிலிருந்துதான் மலையகத்தாருக்கு அதிகம் கேட்டிருக்கின்றன. அவை பகிடியாகவும் வேண்டாம். மலையகத் தமிழர் என்று சொல்லுங்கள். 1948 இன் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரண்டு நாடுகளுக்கும் பங்கு போடப்பட்டு, 2003 இன் சட்டம் வரை நாடற்றவராக ஒரு பகுதியினர் காத்திருந்த சமூகம் இது. அதற்கு என்ன பெயர் என்பது சின்ன விடயமில்லை. 2023 இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. முன்னோர் நடந்து வந்த பாதையில் வடக்கு மண்ணும் இருக்கிறது என்பதை அது நினைவூட்டியது.

பூர்வீகத் தோட்டத்தைத் தேடுகிறவர்களுக்கு

புறப்படும் முன் மூன்று விவரங்களைத் திரட்டுங்கள்: தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு இருந்த பட்டப்பெயர் அல்லது கங்காணியின் பெயர். ஒரு தோட்டத்தில் பல டிவிசன்கள் இருக்கும். ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் மலையே இருக்கலாம். தோட்டத்துக்கு ஆவணத்தில் ஆங்கிலப் பெயரும் சனத்தின் வாயில் வேறொரு தமிழ்ப் பெயரும் இருப்பது வழக்கம். ஆகவே இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள வயதானவர்களைக் கேட்பதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

பெற்றோரின் பிறப்புச் சான்றிதழில் தோட்டத்தின் பெயர் பெரும்பாலும் இருக்கும். 2009 இல் பையோடு ஆவணங்கள் எல்லாம் போனவர்கள் பிரதி எடுக்கலாம். கணினியில் ஏற்றப்பட்ட பதிவென்றால் உங்கள் பிரதேச செயலகத்திலேயே எடுக்க முடியும். பழைய பதிவென்றால், பிறந்த தோட்டம் எந்தப் பிரதேச செயலகத்துக்கு உட்பட்டதோ அங்கே விண்ணப்பிக்க வேண்டும். பதிவு இலக்கமும் திகதியும் தெரியாவிட்டால், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று குறிப்பிட்டுத் தேடும்படி கேட்கலாம். ‘பெயர் கிடையாது’ என்று சொன்னால் உடனே திரும்பாதீர்கள். ராமாயி ‘ராமாய்’ என்றும் முத்துச்சாமி ‘முத்துசாமி’ என்றும் பல விதமாக எழுதப்பட்டிருக்கும். தகப்பன் பெயரின் இடத்தில் தாத்தா பெயர் இருக்கும். எழுத்துகளை மாற்றித் தேடச் சொல்லுங்கள். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. அங்கே தமிழில் விண்ணப்பிப்பது உங்கள் உரிமை. எந்த அலுவலகம், என்ன படிவம் என்று தெரியாவிட்டால் 1919 என்ற அரச தகவல் நிலையத்துக்குத் தமிழிலேயே அழைத்துக் கேளுங்கள்.

தோட்டத்தில் யாரிடம் கேட்பது? முதலில் மாரியம்மன் கோயில் பூசாரி, அடுத்து ஓய்வுபெற்ற கங்காணி அல்லது பழைய தலைவர், அடுத்து பிள்ளைக் காம்பராவில் வேலை செய்த வயதான பெண். குடும்பங்களின் கதை அவர்களிடம்தான் இருக்கும். தோட்ட அலுவலகத்தின் பழைய செக்ரோல் புத்தகங்கள் இருந்தால் அதிர்ஷ்டம். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992 இல் மீண்டும் கம்பனிகளுக்குப் போனபோது கை மாறிய இடங்களில் ஏராளமான தாள்கள் தொலைந்துவிட்டன. தாத்தா இருந்த லயம் இடிந்து, அந்த இடத்தில் காடு வளர்ந்திருக்கலாம். அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டு வாருங்கள். ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். சித்தப்பா முறையானவர் உயிரோடு இருப்பதை முதன்முதலாக அறிந்தவர்களும் இருக்கிறார்கள்.

துயரம் நடந்த இடங்கள்

பண்டாரவளைக்கு அருகில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 ஒக்டோபர் 25 அன்று தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் 25 க்கும் மேற்பட்டோர் கும்பலால் அடித்தும் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். பொலிஸார் அந்த இடத்தில் இருந்தார்கள். வழக்கில் கீழ் நீதிமன்றம் தண்டனை விதித்தவர்களும் 2005 இல் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். பிள்ளையை அங்கே இழந்த குடும்பங்கள் சிலவேளை இந்தப் பக்கம் வருகின்றன. அப்படி வருகிறவர்கள் தனியே போகாமல் ஊரை அறிந்த ஒருவரோடு போங்கள். வழிபாட்டைப் பண்டாரவளையில் உள்ள கோயிலிலோ தேவாலயத்திலோ வைத்துக்கொள்வது மனதுக்கு இலகு.

கொஸ்லாந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மண் சரிந்து லயங்களை மூடியது. வேலைக்கும் பாடசாலைக்கும் போயிருந்தவர்கள் தப்பினார்கள். வீட்டில் இருந்தவர்களில் பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. தியலும நீர்வீழ்ச்சிக்குப் போகிறவர்களில் பலர் கொஸ்லாந்தையைக் கடந்து போவார்கள். அங்கே இறங்கினால் கமராவைப் பைக்குள் வையுங்கள். உடல் கிடைக்காத மரணம் என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர் வந்து பக்கத்தில் இருந்தாலே அங்குள்ளவர்களுக்கு ஆறுதல்.

நான்கு நாட்கள் இருந்தால்

முதல் நாள் பதுளை நகரும் துன்ஹிந்தவும். இரண்டாம் நாள் விடியலில் எல்ல, பாலம், திரும்பும்போது தெமோதரை. மூன்றாம் நாள் ஹப்புத்தளை, லிப்டன் ஆசனம், தம்பேதன்னை. நான்காம் நாளை ஒரு தோட்டத்துக்கு என்று முழுதாக ஒதுக்குங்கள். அது உங்கள் பூர்வீகத் தோட்டமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டே நாள்தான் இருக்கிறதென்றால் எல்லவை விடுங்கள், தோட்டத்தை விடாதீர்கள்.

ஊருக்குத் திரும்பியதும் தோட்டத்தின் பெயர், டிவிசன், சந்தித்தவர்களின் தொலைபேசி இலக்கம், அவர்கள் சொன்ன உறவுமுறை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி, பிறப்புச் சான்றிதழின் பிரதியோடு சேர்த்து வையுங்கள். கைத்தொலைபேசியில் படம் பிடித்து வெளிநாட்டில் இருக்கும் ஓர் உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். ஒரே இடத்தில் வைத்த தாள்களுக்கு என்ன நடக்கும் என்பதை நாம் ஒருமுறை பார்த்துவிட்டோம்.